ரெங்கம்மாளின் தலைக்கனம்

ரெங்கம்மாள் காலால் பிறந்தவர். தலைக்கு முன்னால் கால் வெளியே வந்த பிள்ளை. அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் சுளுக்கும் பிடிப்பும் விட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. திருவையாற்றிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம், குடமுருட்டிக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். இங்கே கழுத்துப் பிடித்துக்கொண்டவர்கள் நாற்பது வருடமாகத் தேடியது டாக்டரை அல்ல, ரெங்கம்மாளின் வலது காலைத்தான்.

'அவர்' என்று எழுதுகிறேன். எழுத்தில் மரியாதை சுலபமாக வந்துவிடுகிறது. என்னைவிட ஏழு வயது மூத்தவர். நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவரை 'ரெங்கம்மா, இங்க வா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன். அவர் என்னை 'வாங்க, போங்க' என்பார். என் வீடு மேலத்தெரு, அவர் வீடு தெற்குத்தெரு. எங்களுக்கு நிலம், அவர்களுக்கு அதில் வேலை. எங்கள் பேச்சில் யாருக்கு 'ங்க' போடுவது, யாருக்குப் போடாமல் விடுவது என்பதைத் தெருதான் தீர்மானித்தது, வயது தீர்மானிக்கவில்லை.

என் பெயர் குந்தவை. ராஜகுமாரி பெயர். பெயரில் இருந்த ராஜ லட்சணம் எல்லாம் வாயில் மட்டும்தான் இறங்கியது. கணவர் தமிழரசன் பதினெட்டு வருடமாகச் சிங்கப்பூரில் இருக்கிறார். நான்கு ஏக்கர் நிலத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உழவுக்கு வண்டி பிடிப்பது, தண்ணீர் முறைக்குச் சண்டை போடுவது, நடவுக்கு ஆள் சொல்வது எல்லாம் நான்தான். பேசினால்தான் வேலை நடக்கும், அதட்டினால்தான் சீக்கிரம் நடக்கும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என் அம்மா சொல்லிச் சொல்லி ஓய்ந்து போனார். எனக்கு அது உறைக்க நாற்பத்தெட்டு வயது ஆக வேண்டியிருந்தது.

ரெங்கம்மாளைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவு. ஏழு வயதிலேயே அவர் கால் பிரபலமாகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்தே வந்து அழைத்துப் போவார்களாம். பிள்ளை மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்று பெரியவர்கள் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். அவருக்குக் கூச்சமாக இருக்கும், பிறகு பழகிவிட்டதாம். பதினாறு வயதில் நடவுக்கு இறங்கினார். நாற்றங்காலில் கட்டிய நாற்று முடிகளைச் சும்மாட்டின் மேல் அடுக்கித் தலையில் தூக்கி, வழுக்குகிற வரப்பில் நடந்து, நடவு வயலில் கொண்டுபோய் இறக்குவார். ஈர நாற்றின் கனம் தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். சேற்றுத் தண்ணீர் பின்கழுத்து வழியாக முதுகுக்கு இறங்கும். அறுப்புக் காலத்தில் கதிர்க் கட்டு. இடையில் விறகு, குடம், எருக்கூடை. கணவர் ரெத்தினம் இறந்தபோது மகள் தமிழ்நிலாவுக்கு ஒன்பது வயது. அந்தப் பெண்ணைத் தஞ்சாவூருக்கு அனுப்பி பிசியோதெரபி படிக்க வைத்தார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அந்தப் படிப்பின் பெயரைச் சொல்லவே வராது. ரெங்கம்மாள் அழகாகச் சொல்வார்.

இத்தனை வருடத்தில் அவர் பன்னிரண்டு பெண்கள் கொண்ட நடவுக் கூட்டத்துக்குத் தலைவியாகிவிட்டார். யாருடைய வயலுக்கு என்றைக்கு, எத்தனை ஆள் என்பதெல்லாம் அவர் வாக்கு. மேலத்தெருவில் நடவு என்றால் முதலில் ரெங்கம்மாளிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. எழுந்தால் தலை இடது பக்கமே நின்றது. வழக்கம்போலத் தலையணையை வெயிலில் போட்டேன். தலையணை வெயிலில் காய்ந்தால் கழுத்துப் பிடிப்பு இறங்கும் என்பார்கள். இரண்டு நாளில் தலையணை அப்பளமாகப் பொரிந்தது, கழுத்து அசையவில்லை. மூன்றாம் நாள் ரெங்கம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

வாசல் வழியாக அல்ல. கொல்லை வழியாக வரச் சொன்னேன்.

கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்தேன். ரெங்கம்மாள் காலைக் கழுவிக்கொண்டு, உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, என் தோளைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றார். மற்றக் காலால் என் பின்கழுத்திலிருந்து தோள்பட்டைவரை மெதுவாக மூன்று தடவை நீவினார். வெடிப்பு விழுந்த பாதம்தான், ஆனால் பூப்போல வைத்தார். வெட்கத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தேன். தெற்குத்தெருக்காரியின் கால் என் கழுத்தில் இருக்கிறதே, யாராவது பார்த்தால் என்ன ஆவது என்ற ஒரே நினைப்புத்தான்.

நீவி முடித்ததும் அவர் முருங்கை மரத்தடியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் போகும்வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. தொட்டியிலிருந்து ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு கழுத்தில் ஊற்றித் தேய்த்துக் கழுவினேன். நிமிர்ந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "எண்ணெய் ஊறணும்ங்க, ஒரு மணி நேரம் கழிச்சுக் குளிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கழுத்துச் சரியாகிவிட்டது. அவர் கால் செய்ததோ, மூன்று நாளில் தானாகவே விட்டதோ, எனக்குத் தெரியாது. நான் கழுவியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இனி இந்த வருடத்துக் குறுவை. ஆனி மாதத்தில் என் வயலில் நடவு. காலை எட்டு மணிக்கு வயலுக்குப் போனேன். பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ரெங்கம்மாள் மட்டும் இறங்கவில்லை. கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, வரப்பில் விறைப்பாக நின்று, கையை நீட்டி வேலை சொல்லிக்கொண்டிருந்தார். இது என்ன புது அதிகாரம் என்று எனக்குச் சுருக்கென்றது. பின்னால் இருந்து, "ரெங்கம்மா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மூன்றாவது தடவைதான் திரும்பினார். அதுவும் தலையைத் திருப்பவில்லை. தேர் தெருமுனையில் திரும்புகிற மாதிரி உடம்பு முழுவதையும் மெல்லத் திருப்பி, என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தபடி, "சொல்லுங்க" என்றார். எப்போதும் என்னைக் கண்டதும் ஒரு தலையசைப்பு இருக்கும். அன்றைக்கு அது இல்லை. அவர் கையில் இருந்த நாற்று முடி என் காலடியில் விழுந்தது. தூக்கிப் போட்டார் என்றுதான் என் கண்ணுக்குப் பட்டது.

நடவுக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அத்தனை பேர் காதிலும் விழும்படி நான் கேட்டேன்.

"என்ன ரெங்கம்மா, மக படிச்சு முடிச்சதும் தலைக்கனம் வந்துடுச்சா?"

பெண்கள் ஒருவரும் நிமிரவில்லை. ரெங்கம்மாளின் உதட்டோரத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது.

"ஆமாங்க. தலக்கனந்தான்."

எனக்கு உச்சி மயிர் நட்டுக்கொண்டது. தப்பைச் சொன்னால் பயப்பட வேண்டும், அல்லது இல்லை என்று மறுக்க வேண்டும். இவள் சிரித்துக்கொண்டே ஆமாம் என்கிறாளே! "இந்த நடவோட சரி. அடுத்த நடவுக்கு மிஷினு வச்சிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வந்ததோடு விட்டேனா? மேலத்தெருவில் நாலு வீட்டில் உட்கார்ந்து, அவர் சொன்ன மாதிரியே கழுத்தை விறைத்துக்கொண்டு, 'ஆமாங்க, தலக்கனந்தான்' என்று நடித்துக் காட்டினேன். நன்றாகத்தான் நடித்தேன் போலிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதத்துக்குள் மேலத்தெருவில் ரெங்கம்மாளுக்குத் 'தலைக்கனத்தா' என்று பெயர் விழுந்துவிட்டது. சம்பா நடவுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. கிட்டத்தட்ட நாற்பது வருடமாக வயலில் இறங்கிச் சம்பாதித்த பெயரை என் ஒரு வாய் ஒரு மாதத்தில் தின்றுவிட்டது.

ஆவணியில் எனக்கு மறுபடியும் கழுத்து வலி. இந்தத் தடவை அது போகவில்லை. கழுத்தில் ஆரம்பித்துத் தோள், தோளிலிருந்து முழங்கைவரை இழுத்தது. ரெங்கம்மாளைக் கூப்பிட வழியில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவது? தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ் ரோடு பக்கம் ஒரு டாக்டரைப் பார்த்தேன். அவர் பரிசோதித்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, தசைப்பிடிப்புத்தான், பத்து நாள் பிசியோதெரபிக்குப் போங்கள் என்று பக்கத்து மாடிக்கு எழுதிக் கொடுத்தார். மாடி ஏறித் திரையை விலக்கினால், வெள்ளைக் கோட்டில் தமிழ்நிலா நிற்கிறாள்.

திரும்பி இறங்கிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். கழுத்துத் திரும்பினால்தானே.

"வாங்க மேடம், உக்காருங்க" என்றாள். ஊரில் அவள் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவாள். இங்கே எல்லோரையும் போல நானும் மேடம். பதினைந்து நிமிடம் பின்கழுத்தில் வெந்நீர் ஒத்தடப் பையை வைத்தாள். தோளை இதமாக அழுத்தி விட்டாள். கேள்விகள் கேட்டாள். கை மரத்துப் போகிறதா, கையில் பிடித்தது நழுவுகிறதா, நடக்கும்போது தடுமாறுகிறதா, காய்ச்சல் உண்டா? இல்லை என்றதும், "அதெல்லாம் வந்தா ஒத்தடம் குடுத்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க, உடனே டாக்டர்கிட்ட வந்துடுங்க" என்றாள். பிறகு, "எத்தன தலகாணி வச்சிப் படுப்பீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டு. இலவம் பஞ்சு."

"ஒண்ணு போதும். தாழ்வா இருக்கணும். கழுத்துக்கும் மெத்தைக்கும் நடுவுல இருக்குற இடைவெளிய நெரப்புனாப் போதும், தலைய மேல தூக்கி நிறுத்தக் கூடாது. குப்புறப் படுக்காதீங்க. போன எங்க வச்சிப் பாப்பீங்க?"

மடியில் வைத்துத்தான். சிங்கப்பூரோடு ஒரு மணி நேரம், மிச்ச நேரத்துக்குச் சீரியல், சமையல் வீடியோ, எவள் வீட்டுக் கல்யாணத்தில் எவள் என்ன புடவை என்ற ஆராய்ச்சி. குனிந்த தலை நிமிராமல் நாலு மணி நேரம் போய்விடும். சொல்லவே வெட்கமாக இருந்தது. நாற்றுக் கட்டைத் தூக்கி வலி வந்தது என்றாலாவது ஒரு கௌரவம் உண்டு.

தமிழ்நிலா என் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "ஒரு மனுசத் தலை எவ்ளோ கனம் தெரியுமா மேடம்? அஞ்சு கிலோகிட்ட. நேரா நிமிந்திருந்தா கழுத்து அதத் தாங்கிக்கும். குனிஞ்சு போன் பாக்கப் பாக்க கழுத்துக்கு அது நாலு மடங்கு, அஞ்சு மடங்காத் தெரியும். போனக் கண்ணுக்கு நேரா தூக்கி வச்சிக்குங்க. அர மணி நேரத்துக்கு ஒரு வாட்டி எந்திரிச்சுத் தோள உருட்டி விடுங்க." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "தலைக்கனம் எல்லாருக்கும் இருக்கு மேடம்."

அவள் சிரிக்கவில்லை. எனக்குக் காது மடல் சுட்டது. அந்த வார்த்தை தஞ்சாவூர்வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஏதாவது பேச வேண்டுமே என்று, "அம்மா எப்படி இருக்கா?" என்றேன்.

"நல்லா இருக்காங்க." அந்த 'ங்க'வை அவள் அழுத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அது என் வாயில் விட்டுப்போனதை எடுத்து எனக்கு முன்னால் வைத்த மாதிரி இருந்தது. தாடையை உள்ளே இழுத்து, இரட்டைத் தாடை விழுகிற மாதிரி ஐந்து எண்ணும்வரை வைத்திருக்கும் ஒரு பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தாள். ஏழு நாள் போனேன். அவள் கையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எட்டாவது நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அம்மாவுக்கும் கழுத்துல எதாச்சும்..."

அவள் ஒத்தடப் பையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "ரெண்டு வருசமா இருக்கு. ஸ்கேன் எடுத்துப் பாத்தோம். கழுத்தெலும்பு தேஞ்சு நரம்ப அழுத்துது. வலது கை வெரலெல்லாம் மரத்துப் போவுது, எதப் புடிச்சாலும் நழுவிடும். குறுவ நடவப்ப டாக்டர் கழுத்துக்குப் பட்டை போட்டு விட்டிருந்தாரு. அது தெரியாம இருக்கத்தான் துண்டு சுத்திக்கிட்டுப் போனாங்க. ஊர் சுளுக்கெல்லாம் எடுக்குறவளுக்கே கழுத்துப் புடிப்பான்னு மேலத்தெருவுல சிரிப்பாங்க, நடவுக்குக் கூப்புட மாட்டாங்கன்னு பயம்."

பையை மடித்து வைத்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"டாக்டர் மொத நாளு கேட்டாரு, எதனாலம்மா இந்த வலின்னு. அம்மா சட்டுன்னு, 'தலக்கனந்தாங்க, வேற என்ன'ன்னுட்டாங்க. நாப்பது வருசம் தலையில சொமந்த கனம். டாக்டர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. அன்னையிலேருந்து எங்க வீட்ல அது ஒரு வேடிக்கப் பேச்சு. தலக்கனம் எப்படி இருக்குன்னுதான் நான் போன்லயே கேப்பேன்."

ஆக, அன்றைக்கு வரப்பில் ரெங்கம்மாள் என்னை எதிர்த்துப் பேசவில்லை. வீட்டில் பேசுகிற ஒரு வேடிக்கையை, நானே அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டேனே என்று, வலியோடு வலியாக என்னோடு பகிர்ந்துகொண்டிருக்கிறார். அந்தச் சிரிப்பு அதற்குத்தான். கீழே விழுந்த நாற்று முடி தானாக நழுவியது. திரும்பாத கழுத்து திரும்ப முடியாத கழுத்து. எனக்கு அந்த மாடியிலிருந்து பஸ் ஸ்டாண்டுவரை எப்படி நடந்தேன் என்றே தெரியவில்லை.

ரெங்கம்மாளிடம் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன். அதிலும் என் புத்தி எப்படிப் போயிற்று பாருங்கள். அவரை வீட்டுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினேன். அவரும் பழக்கப்படி கொல்லை வழியாக வந்து முருங்கை மரத்தடியில் நின்றார். வாசல் பக்கமாக வா என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. நான் கொல்லை வாசற்படியில் நின்றபடி, "தெரியாமப் பேசிட்டேன் ரெங்கம்மா, மனசுல வச்சிக்காத" என்றேன். எனக்கு அழுகைகூட வந்தது.

அவர் கொஞ்ச நேரம் துவைக்கிற கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னது வரப்புலங்க. பன்னெண்டு பேரு கேட்டாங்க. அப்புறம் தெருவே கேட்டுச்சு. இப்ப கொல்லையில நான் ஒருத்திதான் நிக்கிறேன்." குரலில் கோபமே இல்லை. "கால வச்சதும் இங்கதான். கதவச் சாத்திக்கிட்டு. இதுவும் இங்கதானா?"

அவர் தொடர்ந்தார். "எத்தனையோ கழுத்துக்கு என் காலு எட்டுச்சுங்க. என் கழுத்துக்கு மட்டும் எட்டல. என்ன செய்யிறது?" உடம்பு முழுவதையும் திருப்பிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார். அன்று முழுவதும் நான் கொல்லைப் பக்கம் போகவில்லை.

சரி, சொன்ன இடத்திலேயே திருப்பிச் சொல்வோம் என்று இரண்டு நாள் கழித்து வயல் பக்கம் போனேன். அந்தப் பெண்கள் ஆற்றோரத்தில் ஒருவர் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்பில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். ரெங்கம்மாளுக்கு வந்தது திமிர் இல்லை, நோவு, நான்தான் தப்பாகப் பேசினேன் என்றேன். அவர்களில் வானதி என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். களையை ஓரத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அது எங்களுக்குத் தெரியும்ங்க. ரெண்டு வருசமா அத்தையக் கட்டுத் தூக்க விடாம, அவங்க பங்கையும் நாங்கதான் சொமந்துக்கிட்டு வர்றோம். அன்னைக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா யாரும் வாயத் தொறக்கல?"

"அத்த வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்துச்சு. நீங்க பேசுனப்ப எங்களுக்குத் தலை நிமிரல. அத்தைக்காக இல்லீங்க, உங்கள நெனச்சுத்தான் வெக்கமா இருந்துச்சு." அவள் மறுபடியும் குனிந்துகொண்டாள். "எங்ககிட்ட ஏங்க சொல்றீங்க? உங்க தெருவுல சொல்லுங்க."

ஐப்பசி பிறந்ததும் வள்ளியம்மை வீட்டில் மருமகளுக்கு வளைகாப்பு. வள்ளியம்மை எங்கள் தெருவில் பெரிய வீட்டுக்காரி. அவள் யாரைக் கூப்பிடுகிறாளோ அவர்கள்தான் மற்ற வீட்டு நடவுக்கும். கூடத்தில் முப்பது பெண்கள் இருந்தோம். சந்தனம் பூசி, வளையல் அடுக்கி, கலவை சாதத்துக்கு இலை போடுகிற நேரம். பேச்சு தாளடி நடவுக்குத் திரும்பியது. வள்ளியம்மை என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"என்ன குந்தவை, நீயும் மிஷினுதானே? இல்ல, அந்தத் தலைக்கனத்தாளக் கூப்புடப் போறியா?"

கூடம் சிரித்தது. நான் வாங்கிக் கொடுத்த சிரிப்பு. அந்த நேரத்தில்கூட, வேறொரு நாள் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று மனசு கொல்லைப் பக்கமே இழுத்தது. எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடியே இருந்தால் சொல்லாமலே போய்விடுவேன் என்று தெரியும்.

"அந்தப் பேர வச்சது நான்தான். அவங்களுக்குக் கழுத்தெலும்பு தேஞ்சு போச்சு. நம்ம வயலுக்குச் சொமந்த நாத்துக் கட்டு தேய்ச்சது. அதத் திமிருன்னு நான் ஊரு பூராவும் நடிச்சுக் காட்டுனேன்." நிறுத்தினால் தீர்ந்தது என்று விடாமல் சொன்னேன். "ஆறு வருசத்துக்கு முன்ன கொல்லக் கதவச் சாத்திக்கிட்டு, அவங்க கால என் கழுத்துல வச்சு நீவிக்கிட்டவ நான். அவங்க செருப்பு மாட்டுறதுக்குள்ள தண்ணிய ஊத்திக் கழுவுனவளும் நான்தான். அத அவங்க பாத்தாங்க."

நானும்தான் என்று கூடத்தில் ஒருத்தியும் எழுந்து நிற்கவில்லை. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே, வள்ளியம்மையின் வலது கை மெல்ல மேலே போய்த் தன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டது. தூணோரத்தில் இருந்த இன்னொருத்தி கொண்டையைச் சரி செய்கிறவள்போல அதே இடத்தைத் தொட்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொல்லை உண்டு. பிறகு யாரோ, "சாம்பார் சாதம் ஆறுது, உக்காருங்க" என்றார்கள். உட்கார்ந்தோம். அன்றைக்கு என் பக்கத்து இலையில் யாரும் என்னோடு பேசவில்லை.

என் தாளடி நடவுக்கு ரெங்கம்மாள் கூட்டம் வர வேண்டும் என்று வானதியிடம் சொல்லி அனுப்பினேன். வருகிறோம் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நடவு நாளன்று விடிந்ததும் வயலுக்குப் போனேன். தூறல் விட்டு வரப்பெல்லாம் வழுக்கியது. தூரத்திலேயே தெரிந்தது. பெண்கள் வரிசையாக இறங்கியிருந்தார்கள். வரப்பில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு ரெங்கம்மாள் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் பட்டை தெரிந்தது. துண்டு இல்லை.

என் வாய் பழக்கத்தில், "ரெங்க" என்று ஆரம்பித்துவிட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டேன். பின்னால் நின்று கூப்பிட்டு அவரைத் திரும்ப வைப்பதை முப்பது வருடமாக நான் அதிகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னால்தான் போக வேண்டும். வரப்பு ஒற்றையடி, அவரைத் தாண்டிப் போக இடமில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினேன். முழங்கால்வரை புதைந்தது. பெண்கள் நடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சுற்றிக்கொண்டு போய் அவருக்கு எதிரில் நின்றேன். அவர் வரப்பின் மேலே, நான் கீழே. அண்ணாந்துதான் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது.

"ஆரம்பிச்சிட்டீங்களாக்கா?" என்றேன். அந்த 'ங்க'வும் அந்த 'அக்கா'வும் என் வாயில் கல்லும் நெல்லும் கலந்த சோறு மாதிரி இடறின. பன்னிரண்டு பேரும் அதைக் கேட்டிருப்பார்கள்.

ரெங்கம்மாள் என்னையே பார்த்தார். கழுவிய நாளில் பார்த்த அதே பார்வைதான். என் கண் தாழ்ந்தது, ஆனாலும் முகத்தை அவரிடமிருந்து எடுக்கவில்லை. அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து வரப்பில் இடம் விட்டார்.

"அப்படி அண்ணாந்து பாக்காதீங்க, கழுத்து வலிக்கும்" என்றார். "மேல ஏறி வாங்க."

எனக்குத்தான் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது.